இன்னும் ரெண்டு குழிதானே!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. வெளியே நசநசவென்று தூறல். உங்க வீட்டுக்காரர் சத்தமில்லாமல் எழுந்து, சமையலறை லைட்டைப் போட்டு ஃப்ளாஸ்க்கைத் தேடுகிறார்.

"இந்த மழையிலயா போறீங்க?"

"எல்லாரும் வர்றாங்க. நான் மட்டும் வரலைன்னா நல்லாவா இருக்கும்?"

வாசலில் கார் ஹாரன். அவ்வளவுதான், ஆள் கிளம்பியாச்சு!

இந்தக் காட்சி உங்க வீட்டிலும் நடந்திருக்கலாம். வாக்கிங் கோஷ்டியோ, ஷட்டில் கோஷ்டியோ... பெயர்தான் வேறு. மங்கலம் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு கோல்ஃப் கோஷ்டி. 'நொய்யல் கரையில் கோல்ஃபா?' என்று சிரிக்காதீங்க. மைதானம் இங்கே இல்லை. தறி வைத்திருப்பவர்கள், பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள் என்று எட்டு பேர். வாரத்தில் ஆறு நாள் கட்டிங், செக்கிங், ஷிப்மென்ட் என்று ஓடிவிட்டு, ஞாயிறு அன்று இரண்டு காரில் கிளம்பிவிடுவார்கள். நம்ம பக்கத்து ஆட்கள் கோல்ஃப் ஆட வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் 18 குழி மைதானம் இருக்கிறது. குளிர் பிடித்தவர்களுக்கு ஊட்டியும் வெலிங்டனும் இருக்கவே இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் 1829-லேயே கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். கொடைக்கானலில் 1895-ல் தொடங்கினார்கள்.

பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். 18 குழியையும் நடந்தே முடித்தால் எட்டு கிலோமீட்டர் போல ஆகிவிடும். நேரம் நாலு, அஞ்சு மணி. ஸ்வீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களிடம் இறப்பு விகிதம் சுமார் 40 சதவீதம் குறைவு! எல்லாப் புகழும் கோல்ஃபுக்கே என்று சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே ஆடவே வருகிறார்கள்! இருந்தாலும் வாரா வாரம் கூடி நடப்பது நல்லது என்பதில் சந்தேகமில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பில் பார்க்கிறவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மருந்து. ஆகவே 'போகாதீங்க' என்று தடுக்க நான் வரவில்லை.

என் கவலை வேறு. கூட்டமாகப் போகும்போது 'போதும், திரும்பலாம்' என்று முதலில் சொல்வது யார்?

அந்த மே மாத ஞாயிறு

அந்தக் கோஷ்டியில் ஒருவருக்கு வயது 58. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரையும் உண்டு. ஒரு மே மாத ஞாயிறு அன்று யாரோ ஒருவருக்கு ஷிப்மென்ட் வேலை முடியத் தாமதமாகி, காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் பதினொன்றுக்குத்தான் தொடங்கியது. மூன்று மணிக்கு மேற்கே கருகும்மென்று மேகம். பதினாறாவது குழி. தூரத்தில் இடி. நம்ம ஆள் கையிலிருந்த ஸ்டிக்கைப் பையில் வைத்தார். உடனே நாலா பக்கமும் கேலி. "ஏனுங்க மாப்ளே, பயமா? இன்னும் ரெண்டு குழிதானே!" வைத்த ஸ்டிக்கை மறுபடி எடுத்தார். சில நிமிஷத்தில், பார்வைக்கு எட்டிய தூரத்திலிருந்த பனைமரத்தின் மேல் மின்னல் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்ததும் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். மின்னலை நினைத்து அல்ல... "அவங்க சிரிச்சாங்கன்னு நான் நின்னுட்டேனே" என்று திரும்பத் திரும்பப் புலம்பினாராம்.

மழையா, மின்னலா?

முதலில் இதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை ஆளை நனைக்கும். மின்னல் ஆளையே எடுத்துவிடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள். திறந்தவெளியில் வேலை செய்கிற விவசாயக் குடும்பங்களுக்குத்தான் இதில் அதிக அடி. கோல்ஃப் மைதானமும் அப்படிப்பட்ட வெட்டவெளிதான். ஆங்காங்கே தனி மரம், நடுவில் குளம், அதில் ஒரு மனிதன் நட்டுக்குத்தாக நிற்கிறான். மின்னல் பெரும்பாலும் உயரமானதைத் தேடுவதால் வேறென்ன வேண்டும்?

1975 ஜூன் மாதம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் நடந்த வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில் லீ ட்ரெவினோ, ஜெர்ரி ஹேர்டு, பாபி நிக்கோல்ஸ் என்ற மூன்று பிரபல ஆட்டக்காரர்களை மின்னல் தாக்கியது. உயிர் தப்பினார்கள். ட்ரெவினோவுக்குப் பின்னால் முதுகில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. 1991-ல் யு.எஸ். ஓப்பன் பார்க்க வந்தவர்களில் சிலர் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினார்கள். அதில் ஒருவர் இறந்தார். மரத்தடி! நாம் எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதானே?

நம்ம கொங்குப் பகுதியில் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் திரளும். தரை சூடேறி, காற்று மேலே எழும்பி, மேகம் கட்ட நேரம் வேண்டுமில்லையா? அதனால் ஏப்ரல், மே மாதங்களில் விடிந்ததும் ஆடிவிட்டு பதினொன்றுக்குள் வீடு திரும்புவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் காலையிலும் இடி வரலாம், உஷார்.

கணக்கு சுலபம். மின்னல் பளிச்சென்றதும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. எண்ண மறந்துபோனாலும் பரவாயில்லை, இடி காதில் விழுந்தாலே உள்ளே போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு முழுசாக 30 நிமிஷம் காத்திருங்கள். கட்டடம் இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார் போதும். டயர் ரப்பர் என்பதால் அல்ல, காரின் இரும்புக்கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும். குடை, தகரக் கொட்டகை, நாலு பக்கமும் திறந்த நிழற்குடை எதுவும் உதவாது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுவதைச் செல்போனில் காட்டும். வீட்டில் இருக்கிற நீங்களும் பார்த்து ஒரு போன் போடலாம்!

விதியே இடம் கொடுக்கிறது

கோல்ஃப் விதிப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மழை பெய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆட்டக்காரர் ஆட்டத்தை நிறுத்த முடியாது. ஆனால் மின்னல் ஆபத்து இருக்கிறது என்று அவர் நியாயமாக நினைத்தால் போதும், யாரையும் கேட்காமல் நிறுத்தலாம். தற்போதைய விதிகளில் 5.7 என்ற எண்ணில் இது இருக்கிறது. நடுவர் ஊதல் ஊத வேண்டும் என்றில்லை, கூட ஆடுகிற ஏழு பேரும் தலையாட்ட வேண்டும் என்றுமில்லை. கோடிக்கணக்கில் பரிசுப் பணம் புரளும் போட்டியிலேயே இந்த உரிமை இருக்கும்போது, தோற்றவர் டிபன் வாங்கித் தருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் என்ன கௌரவக் குறைச்சல்?

அந்த மனைவி செய்த காரியம் எனக்குப் பிடித்தது. அடுத்த வாரம் எட்டு பேரையும் வீட்டுக்கு டிபனுக்குக் கூப்பிட்டார். ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தார். "அண்ணா, இடியை முதல்ல கேட்டவரு கார் பக்கம் நடக்கட்டுமுங்க. மத்தவங்க ஒண்ணும் பேசாம பின்னாடி வரணும். கேலி பண்றவரு அன்னைக்கு எல்லார் டிபன் செலவும் ஏத்துக்கணும்." அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

நடுக்கம் குளிராலா, சர்க்கரையாலா?

மின்னல் இல்லாத வெறும் தூறலில் ஆடலாம். ஆனால் சர்க்கரைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரைகளோ போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். அறிகுறி என்ன? கை நடுக்கம், ஈர வியர்வை, தலை கிறுகிறுப்பு. மழையில் நனைந்தவருக்கும் கை நடுங்கும், உடம்பு ஈரமாகத்தான் இருக்கும்! பக்கத்திலிருப்பவர், "குளிருதாட்ட இருக்குது, ஒரு டீ குடிங்க" என்பார். சர்க்கரைக்காரர் என்பதால் டீயிலும் சர்க்கரை போடமாட்டார்கள். அங்கேதான் விபரீதம். நடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட்டு, 15 நிமிஷம் உட்காருங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

இதய நோயாளிகளுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தால் சிரமம். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் 'வாயு' என்று சோடா தேடாதீர்கள்.

உடை விஷயத்தில் ஒரு வேடிக்கை. நாம் தைத்து உலகம் முழுக்க அனுப்புகிற பருத்தி பனியன், மழைக்கு ஆகாது! தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். பாலியெஸ்டர் பின்னல் துணி சீக்கிரம் காயும். காலில் ஈர சாக்ஸோடு மணிக்கணக்கில் நடந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். சர்க்கரைக்காரருக்குக் கால் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ஆகவே வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, பாதத்தின் அடியை நீங்களே பார்த்துவிடுங்கள்.

யாரையாவது மின்னல் தாக்கினால்?

தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று ஒதுங்கி நிற்காதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. 108-க்குப் போன் போடுங்கள். பலர் விழுந்திருந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். மற்ற விபத்துக்களுக்கு இது நேர்மாறு. முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். நின்றுபோன இதயத்துக்குத்தான் உங்கள் கை உடனே வேண்டும். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். இடி இன்னும் இருந்தால், முடிந்தவரை ஆளைக் கட்டடத்துக்குள் தூக்கிக்கொண்டுபோய்ச் செய்வது நல்லது.

மங்கலத்து அந்த அம்மா இப்போது கோல்ஃப் பையின் பக்கத்து ஜிப்பில் குளுக்கோஸ் பாக்கெட்டும், இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸும் வைத்து அனுப்புகிறார். குளுக்கோஸ் எப்படியோ தீர்ந்துவிடுகிறதாம். சாக்ஸ் மட்டும் மடிப்புக் கலையாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறதாம்!