எரிமலை உண்டு; கண்காணிக்கும் கல்வி எங்கே?

புது தில்லி: எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23-ஆம் தேதி வெடித்தது. அதற்கு முந்தைய 12 ஆயிரம் ஆண்டுகளில் அது சீறியதாக எந்தப் பதிவும் இல்லை. வானில் எழுந்த சாம்பல் மேகம் செங்கடல், அரபிக் கடல் ஆகியவற்றைத் தாண்டி, குஜராத், ராஜஸ்தான் வழியாக மறுநாள் இரவு தில்லியை எட்டியது. ஏர் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்கள் சில விமானங்களை ரத்து செய்தன. சாம்பல் மிக உயரத்தில் இருந்ததால் தரையில் பெரிய பாதிப்பு இல்லை.

ஆனால், அந்த இரவு ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. 4,000 கி.மீ.க்கு அப்பால் வெடித்த எரிமலை பற்றிய சாம்பல் எச்சரிக்கை, பிரான்ஸின் துலூஸ் நகரில் உள்ள மையத்திலிருந்து வந்தது. உலக வான்பரப்பை எரிமலைச் சாம்பலுக்காகக் கண்காணிக்கும் மையங்கள் ஒன்பது. அவற்றில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. இந்திய மண்ணிலேயே உள்ள எரிமலையிலிருந்து சாம்பல் எழுந்தாலும், அதை விமானங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர மையத்தைச் சேர்ந்தது.

அந்தமானின் அனல்

அந்த எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில், மனிதர் வசிக்காத தீவு அது. ஏறத்தாழ 3 கி.மீ. குறுக்களவே கொண்ட இத்தீவு, கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் ஒரு மலையின் உச்சி மட்டுமே. இந்தியக் கண்டத்தட்டு பர்மா தட்டின் கீழ் அமிழ்வதால் உருவாகும் பாறைக்குழம்பே இதன் ஊற்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குக் காரணமான பெருநிலநடுக்கமும் இதே தட்டு எல்லையில்தான் நிகழ்ந்தது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல் பயணிகள் இத்தீவின் சீற்றத்தைப் பதிவு செய்தனர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அது உறங்கியது. 1991-இல் விழித்தது, 1994-95-இல் மீண்டும் சீறியது, 2005 மே மாதத்திலிருந்து அவ்வப்போது கனன்றுகொண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் தற்செயலாக அருகில் சென்றபோது, அதன் சீற்றம் நேரில் காணப்பட்டது. 2025 செப்டம்பரிலும் மிதமான வெடிப்புகள் நிகழ்ந்தன.

"தற்செயலாக" என்பதே இங்கு கவனிக்கத்தக்க சொல். பாரன் தீவைப் பற்றிய தகவல்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களிலிருந்தும், கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களிலிருந்தும், அவ்வப்போது செல்லும் ஆய்வுக் குழுக்களிடமிருந்துமே கிடைக்கின்றன. இத்தாலியின் வெசூவியஸுக்கு 1841-லேயே ஆய்வுக்கூடம் அமைந்தது. ஹவாய்க்கு 1912-இல் அமைந்தது. பாரன் தீவில் அப்படி ஆளமர்ந்த ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை.

பாறை தெரியும், நாடி தெரியுமா?

எரிமலை குறித்த அறிவு இந்தியாவுக்குப் புதிதன்று. 1851-இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, பாரன், நார்கொண்டாம் தீவுகளைப் பற்றிய விரிவான ஆய்வு நூலை 1885-லேயே வெளியிட்டது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த குழம்பு, தக்காணத்தில் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை இன்றும் மூடியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதி, நிலவியல் மாணவர்களுக்குத் திறந்தவெளிப் பாடப்புத்தகம். மும்பை ஐ.ஐ.டி., ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக் கூடம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பாரன் தீவின் பாறைகளைக் குறித்து உலகத் தரமான கட்டுரைகளை வெளியிட்டுள்ளனர்.

எனினும், குளிர்ந்த பாறையைப் படிப்பது வேறு. கொதிக்கும் மலையின் நாடியைப் பிடிப்பது வேறு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் எரிமலையியல் பெரும்பாலும் முதுநிலை நிலவியலில், பாறையியல் தாளின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. கண்காணிப்பு என்பதோ பல துறைகளின் கூட்டு. குழம்பு மேலேறும்போது பாறைகள் உடைந்து சிற்றதிர்வுகள் தோன்றும். அவற்றைப் பிரித்தறிய நில அதிர்வியல் வேண்டும். மலை சில சென்டிமீட்டர் வீங்கும். அதை அளக்க செயற்கைக்கோள் ரேடார் கணக்கு வேண்டும். கந்தக டை ஆக்ஸைடின் அளவு மாறும். அதற்கு வேதியியல் வேண்டும். இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்து, "எந்த அளவுக்கு வாய்ப்பு உள்ளது" என்று ஆட்சியரிடம் சொல்லும் திறனும் வேண்டும்.

கடைசித் திறன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலைக்கு ஆபத்து வரைபடம் முன்கூட்டியே தயாராகியிருந்தது. ஆனால், 1985 நவம்பரில் சேற்று வெள்ளம் ஆர்மெரோ நகரை மூடியபோது மக்கள் வெளியேற்றப்பட்டிருக்கவில்லை. அந்தப் பேரழிவில் சுமார் 23 ஆயிரம் பேர் மாண்டனர். ஆறு ஆண்டுகள் கழித்து பிலிப்பின்ஸின் பினாடுபோ வெடித்தபோது, அந்நாட்டு நிபுணர்களும் அமெரிக்க நிபுணர்களும் தந்த எச்சரிக்கையை அரசு ஏற்றது. பல்லாயிரம் பேர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டனர். அறிவியல் இரு இடங்களிலும் இருந்தது. அது அரசின் செவியை எட்டியது இரண்டாவது இடத்தில்தான்.

இத்தகைய பயிற்சிக்கென்றே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஹிலோ வளாகத்தில் 1989-இல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. வளரும் நாடுகளின் எரிமலைப் பணியாளர்களுக்கு அங்கு கருவிகளைக் கையாளவும், தரவுகளைப் படிக்கவும், அதிகாரிகளுடன் உரையாடவும் கற்பிக்கப்படுகிறது.

யார் பொறுப்பு?

தில்லியில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. புவியியல் ஆய்வுத் துறை சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வானிலைத் துறையும் ஹைதராபாதில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையமும் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ளன. செயற்கைக்கோள்கள் விண்வெளித் துறையிடமும், விமானங்களுக்கான அறிவுறுத்தல் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடமும், பேரிடர் மேலாண்மை உள்துறையிடமும், பல்கலைக்கழகங்கள் கல்வி அமைச்சகத்திடமும் உள்ளன. 2021-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நிதி விதிகளில் அறிவிக்கப்பட்ட 12 வகைப் பேரிடர்களில் நிலநடுக்கம், சுனாமி முதல் பூச்சித் தாக்குதல் வரை இடம்பெற்றன, எரிமலை இடம்பெறவில்லை.

ஆளில்லாத தீவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. குறைந்த நிதியைப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒதுக்குவதே நியாயம் என்பது வலுவான வாதம்தான். ஆனால், 2018 டிசம்பர் 22-ஆம் தேதி இந்தோனேசியாவின் அனக் கிரகடாவ் எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து எழுப்பிய சுனாமியில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னதாக நிகழாததால், நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை அமைப்பு ஒலிக்கவில்லை. சுமார் 130 எரிமலைகளைக் கண்காணித்துப் பழகிய நாட்டிலேயே இந்த நிலை. பாரன் தீவின் சரிவுகள் எத்தகையவை, சரிந்தால் அலை எங்கு செல்லும் என்பவை ஆராயப்பட வேண்டிய கேள்விகள். அவற்றை ஆராய ஆள் வேண்டும்.

கருவி வந்துவிட்டது

அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு உள்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1967-இல் கொய்னாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைத் தொடர்ந்து அப்பகுதி பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டது. பின்னர் மகாராஷ்டிரத்தின் கராடில் புவி அறிவியல் அமைச்சகம் தனி ஆய்வுக்கூடம் அமைத்து, தக்காணப் பாறையைத் துளைத்து 3 கி.மீ. ஆழம் வரை சென்றது.

இப்போது கருவியும் கைக்கு வந்துள்ளது. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இஸ்ரோ - நாசா கூட்டுச் செயற்கைக்கோளான நிசார், 12 நாள்களுக்கு ஒருமுறை ஒரே நிலப்பகுதியை அளந்து, தரையின் சென்டிமீட்டர் அளவு அசைவையும் காட்டும் திறன் பெற்றது. எரிமலைகளின் வீக்கத்தை அறிவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அதன் தரவுகள் அனைவருக்கும் திறந்தவை. ஒரு பல்கலைக்கழக மாணவர் தம் மேசையிலிருந்தே பாரன் தீவின் அசைவைத் தொடர முடியும்.

அந்த மாணவரை உருவாக்கும் பாடத்திட்டமும், அவர் கண்டறிந்ததைக் கேட்டுச் செயல்படும் அலுவலகமும்தான் இன்னும் பாக்கி. நான்கைந்து பல்கலைக்கழகங்களில் கண்காணிப்புக்கென ஒரு முதுநிலைத் தாள், அந்தமானில் ஒரு சிறிய தரவு மையம், அமைச்சகங்களுக்கு இடையே ஒரே பொறுப்பாளர் - தொடக்கத்துக்கு இவை போதும். பாரன் தீவு ஒன்றரை நூற்றாண்டு உறங்கி, ஓர் அறிவிப்பும் இன்றி விழித்த எரிமலை என்பதை தில்லி மறந்துவிடக் கூடாது.