அரசியலமைப்பு என்னும் நாட்டிலக்கணம்

கண்டியை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கல்வி பயில வரும் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பில் எழுந்து, “ஐயா, அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம் என்று படித்தோம். அங்ஙனமாயின், இந்நாட்டிலேயே பிறந்த என் பாட்டனார் நெடுங்காலம் வாக்குரிமையின்றி வாழ்ந்தது எவ்வாறு?” என வினவினான். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிப்போனாதலின் எனக்கு இயல்பான உவமை ஒன்றாலே தொடங்குகின்றேன். மொழிக்கு இலக்கணம் எத்தன்மைத்தோ, நாட்டுக்கு அரசியலமைப்பும் அத்தன்மைத்து. வாக்கியங்கள் நாள்தோறும் புதியனவாய்ப் பிறக்கும். இலக்கணம் அவற்றுக்கு வரம்பாய் நிற்கும். அவ்வாறே பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களுக்கு அரசியலமைப்பு வரம்பாகும்.

எந்நாட்டு அரசியலமைப்பும் மூன்று வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். ஆளும் அதிகாரம் எவரிடத்துப் பிறக்கின்றது? அஃது எவ்வாறு பகுக்கப்படுகின்றது? அதனால் நலியாவண்ணம் மக்களைக் காப்பது யாது?

முதல் வினாவுக்கு 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், நம் கண்டி மாநகரின் மகுல் மடுவத்தில் ஒரு விடை கூறப்பட்டது. பிரித்தானியரும் கண்டிப் பிரதானிகளும் செய்த ஒப்பந்தத்தால் ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. குடிமக்களை எவரும் கேட்டிலர். 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ, இறைமை மக்களிடத்தது என அதன் 3ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது.

இரண்டாம் வினாவுக்கு விடை: சட்டமாக்கும் அதிகாரம் 225 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத்துக்கும், நிறைவேற்று அதிகாரம் மக்கள் நேரே தெரிவுசெய்யும் சனாதிபதிக்கும், நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கும் உரியன. மூன்றாம் வினாவுக்கு விடை அடிப்படை உரிமைகளைக் கூறும் 3ஆம் அத்தியாயம். அவ்வுரிமைகளை நிறைவேற்றுத்துறையோ நிருவாகத்துறையோ மீறுமாயின், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். சுதந்திரம் பெற்ற காலத்தில் நடைமுறையிலிருந்தது சோல்பரி அரசியலமைப்பு. ஏனைய சமூகத்தார்க்கு இல்லாத இடர்ப்பாட்டை ஒரு சமூகத்தார்க்கு மட்டும் விதிக்கும் சட்டம் செல்லாது என அதன் 29ஆம் பிரிவு விதித்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ, ஒருவர் இங்கே பிறந்தமை மட்டும் போதாது. அவர் தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமேனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. பிறப்புப் பதிவில்லாத தோட்ட மக்கள் பலர் இதனை மெய்ப்பிக்க இயலாதவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் பிரசைகளுக்கே உரியதாயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசார் ஒருவரும் தெரிவாகவில்லை.

29ஆம் பிரிவு காக்கவில்லையா எனின், அவ்வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரசைகள் யாவரென வரையறுப்பது சட்டமன்றின் இயல்பான தொழிலாதலின் அச்சட்டங்கள் செல்லும் என 1953ஆம் ஆண்டில் அக்கழகம் தீர்ப்பளித்தது. மலையகத் தமிழரின் தலைவர் ஒருவர் மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தது 1977ஆம் ஆண்டிலேயாம். 1964, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் இரு நாடுகளும் இம்மக்களைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது.

இதனால் விளங்குவது யாது? எழுத்தின்றிச் சொல் இல்லை. சொல்லின்றி வாக்கியம் இல்லை. பிரசாவுரிமை அரசியலமைப்பின் எழுத்து. அதனை இழந்தார்க்கு ஏனைய உரிமைகள் ஏட்டளவிலேயே நிற்கும்.

இன்னும் ஒன்று. இன்றைய அரசியலமைப்பின்படி, சபாநாயகர் சான்றுரை பொறித்த சட்டத்தின் வலிதினை எந்நீதிமன்றும் ஆராய்தல் இயலாது. சட்டமூலமாய் இருக்கும்போதே உயர் நீதிமன்றில் அதனை எதிர்க்கலாம். அவ்வுரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு. வழுவைக் காலத்தே சுட்டாவிடின், அதுவே மரபாகிவிடும்.

பழைய மாணவர்களே, உங்களுள் வழக்கறிஞரும் ஆசிரியரும் அரசாங்க ஊழியரும் உளர். சட்டமூலம் ஒன்று வெளிவருங்கால் அதனைப் படித்து, அறியாதார்க்கு எடுத்துரைப்பீராக. மாணவர்களே, உங்கள் பாட்டனார் பெறாத வாக்கு உங்கள் கையில் உள்ளது. அம்மாணவனுக்கு நான் கூறிய விடையும் இதுவே: இலக்கணம் அன்றும் இருந்தது, வழுவைத் திருத்தவேண்டியவர் கையிலிருந்த வாக்கு பறிக்கப்பட்டிருந்தது.