உங்களுக்குத் தெரியுமா? பேனாவும் சாவிக்கொத்தும் போதும்!

கைக்குழந்தையின் வளர்ச்சி வயதுக்கேற்ப இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991இல் வெளியிட்ட அட்டவணைக்கு ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறந்தது முதல் 2 வயதுவரை 17 செயல்கள்: முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, சத்தம் வந்த பக்கம் திரும்புவது, இரண்டு சொல் பேசுவது என்று போகிறது. அட்டவணையில் குழந்தையின் வயதுக்கு நேரே பேனாவைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம் முடிந்துவிடும் செயல்களில் ஒன்றைச் செய்யாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஜமுனாமரத்தூர் போன்ற மலை ஒன்றியத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி! சிறப்பு மருத்துவரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ மலையிறங்க வேண்டும். யாரை அனுப்புவது என்பதை அங்கன்வாடியிலேயே முடிவு செய்துவிடலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறையாவது அங்கன்வாடிக்கு வந்தாக வேண்டும்.

இந்த அட்டவணை நோயைச் சொல்லாது, ஐயத்தைத்தான் எழுப்பும். பின்தங்கிய குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இதில் தப்பிவிடவும் கூடும். ஆகவே “போகப் போகச் சரியாயிடும்” என்று யார் சொன்னாலும், பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லையென்றால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.