ஆதி மனிதன் ஒதுங்கிய குகை!
குடியம் மலைக்கு ஒரு நாள் பயணம்

"பெரியப்பா, நம்ம பக்கத்திலேயே ரொம்பப் பழைய இடம் எது?" என்று என் தம்பி மகன் கேட்டான். அவனுக்கு வயது 12.

"ஜார்ஜ் கோட்டை" என்றேன்.

"அதைவிடப் பழசு?"

"மாமல்லபுரம்."

"அதையும்விடப் பழசு?"

பதில் சொல்ல நான் திணறவில்லை. "சனிக்கிழமை காலையில் சீக்கிரம் எழுந்திரு, காட்டுகிறேன்" என்றேன். அவன் நம்பவில்லை. ஆனால் சனிக்கிழமை எனக்கு முன்பே எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான். செருப்பைக் கழற்றி ஷூ போடச் சொன்னேன். போகிற வழி முள் வழி!

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் பூண்டி இருக்கிறது. திருவள்ளூர் வரை ரயில். அங்கிருந்து பஸ். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் பூண்டி ஏரியை எல்லாருக்கும் தெரியும். அந்த ஏரிக்கு அப்பால், அல்லிக்குழி மலைத் தொடரில், ஆதி மனிதன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிய குகைகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. குடியம் என்ற சிறிய கிராமத்திலிருந்து அங்கே நடந்துதான் போக வேண்டும்.

கல் சொன்ன கதை

முதலில் பூண்டியில் உள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். தமிழக அரசின் தொல்லியல் துறை நடத்துவது. கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாகக் கற்கள். பையன் முகம் சுருங்கிவிட்டது.

"வெறும் கல்லா?" என்றான்.

வெறும் கல் அல்ல. ஒரு பக்கம் கூர்மை. மறுபக்கம் உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. இதற்குக் கைக்கோடரி என்று பெயர். ஒரு கல்லால் மற்றொரு கல்லைத் தட்டித் தட்டி, சில்லுச் சில்லாகப் பெயர்த்துச் செய்தது. சில்லு பெயர்ந்த இடம் ஒவ்வொன்றும் சிப்பியின் உட்புறம்போல லேசாகக் குழிந்திருக்கும். அதுதான் அடையாளம். ஆற்றில் உருண்ட கல்லுக்கும், மனிதன் தட்டிய கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பையன் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டான். அந்தக் கல்வி பிற்பாடு எனக்கே வினையாக வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கற்களை முதலில் அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேயர். இந்தியப் புவியியல் துறையில் பாறைகளை ஆராயும் உத்தியோகம். 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி, பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் அவர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. இந்த நாட்டில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குச் சொன்ன கல் அது! அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற சக அதிகாரியுடன் இந்தப் பக்கம் வந்தபோது, அத்திரம்பாக்கம் ஓடையில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த கற்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

காட்டு வழி

குடியம் கிராமத்தில் ஒரு பெரியவர் வழிகாட்ட வந்தார். கையில் ஒரு கழி. தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான். எங்கள் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். புளிச்சோறு, வடாம், நான்கு பாட்டில் தண்ணீர், தைலம், குடை!

"தண்ணி மட்டும் போதும் சார். மத்ததை நீங்க சுமக்கணும்" என்றார்.

களாச்செடியும் காரைப் புதரும் இரண்டு பக்கமும் நெருக்கும் ஒற்றையடிப் பாதை. செம்மண். கால் வைக்கும் இடமெல்லாம் கூழாங்கற்கள். முட்டை அளவும் இருக்கின்றன. தேங்காய் அளவும் இருக்கின்றன. மலைமேல் ஆற்றுக் கல் எப்படி வந்தது என்று பையன் கேட்டான்.

நல்ல கேள்வி! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீர் உருட்டிக் கொண்டுவந்து குவித்த கற்கள் இவை. மணலும் மண்ணும் சேர்ந்து இறுகி, குவியல் முழுவதும் ஒரே பாறையாகிவிட்டது. பிறகு மழையும் வெயிலும் அந்தப் பாறையைக் கரைக்க, கற்கள் மறுபடி உதிர்ந்து கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்ற கெட்டிக் கல். தட்டினால் கூரான விளிம்பு கொடுக்கும். கருவி செய்யக் கல், அருகே கொற்றலை ஆற்றில் தண்ணீர், காட்டில் வேட்டை. ஆதி மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

கடலை உருண்டைச் சுவர்

ஒன்றரை மணி நேரம் நடந்திருப்போம். மரங்கள் விலகின. எதிரே பிரம்மாண்டமான பாறை, முன்னால் வளைந்து, கூரைபோல நின்றது!

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தை நினைக்க வேண்டாம். இது மலையே போட்டுக் கொடுத்த தாழ்வாரம். உள்ளே காலடி வைத்ததும் காற்று குளிர்ந்துவிட்டது. சுவரைப் பார்த்ததும் பையன், "பெரியப்பா, கடலை உருண்டை!" என்றான். சரியான உவமைதான். பாகில் கடலை பதிந்ததுபோல, பாறை முழுவதும் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன.

பெரியவர் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினார். கூரையில் பெரிய பெரிய தேனடைகள். சத்தம் போடக் கூடாது. புகை கூடவே கூடாது. குகைக்குள் ஊர் மக்கள் வழிபடும் அம்மன் இருக்கிறாள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம்.

1962 முதல் 1964 வரை மத்தியத் தொல்பொருள் துறையைச் சேர்ந்த கே.டி.பானர்ஜி இங்கே அகழ்ந்து பார்த்தார். கற்கருவிகள் கிடைத்தன. ஆனால் நீண்ட காலம் குடியிருந்த தடயம் இல்லை. வேட்டைக்கு வந்தவர்கள் ஒதுங்கி, கருவியைத் தீட்டிக்கொண்டு புறப்பட்டிருக்க வேண்டும். எங்களைப்போல அவர்களும் ஒரு பகல் தங்கிப் போனவர்கள்தாம்!

பையில் ஒரு கல்

திரும்பும்போதுதான் அந்தச் சம்பவம். பாதை ஓரம் ஒரு காரைப் புதரடியில் பையன் குனிந்தான்.

"பெரியப்பா! தட்டின கல்!"

வாங்கிப் பார்த்தேன். ஒரு விளிம்பில் நான்கைந்து குழிவுகள். அருங்காட்சியகத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. நான் நிபுணன் அல்ல. ஆனால் ஆசை யாரை விட்டது? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான்; பெரியவரைப் பார்த்தான்; தலையைக் குனிந்துகொண்டான்.

சிறிது தூரம் போனதும் பெரியவர் நின்றார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போனா, அப்புறம் இது வெறும் காடு சார்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் சொன்னது அறிவியல். அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அடுக்கடுக்காக அகழ்ந்தார்கள். எந்தக் கல் எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்று குறித்தார்கள். வெளியில் கிடக்கும் கல்லில் வானத்துக் கதிர்கள் சில அபூர்வ அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்ததும் அது நின்றுபோகிறது. உள்ளே உள்ள அணுக்கள் தேயத் தொடங்குகின்றன. ஒன்று வேகமாகத் தேயும், இன்னொன்று மெதுவாக. மிச்சத்தை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். அப்படிக் கணக்கிட்டுத்தான், அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். சில்லுகளைக் கொண்டு நுட்பமான கருவிகள் செய்யும் முறை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் தெரிவித்தார்கள்.

கிடந்த இடம்தான் கல்லின் ஜாதகம். அந்த இடத்தைவிட்டு எடுத்துவிட்டால், என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்கத்தான் அது உதவும்.

"திரும்பிப் போகலாமா தாத்தா?" என்று பையன் பெரியவரைக் கேட்டான்.

கால் மணி நேரம் திரும்பி நடந்தோம். எந்தப் புதர் என்று எனக்கு நினைவில்லை. பையனுக்கு இருந்தது. கல் கிடந்த பள்ளம் ஈரமாக, அதன் உருவத்திலேயே இருந்தது. கூர்முனை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அவன் சொன்னான். அப்படியே வைத்தான்.

இந்த இடத்துக்குப் போக விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. சுற்றியுள்ளது காப்புக் காடு. வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவர் துணையுடன் போங்கள். மழை விட்ட மார்கழி, தை மாதங்கள் நல்லவை. தண்ணீர் நிறைய வேண்டும். பாறையில் பெயர் எழுதாதீர்கள். தேனீக்களைச் சீண்டாதீர்கள். போகும்போது கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வேறு எதையும் கொண்டுவராதீர்கள்!

இரவு ரயிலில் பையன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவன் கை மட்டும், ஏதோ ஒரு கல்லைப் பிடித்திருப்பதுபோல மூடியிருந்தது. மெல்லத் திறந்து பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் செம்மண் மட்டும் ஒட்டியிருந்தது.