ஊர்ச் செய்தித் தளம் எதை வைத்து ஓடுகிறது?

குண்டாற்றில் இந்த வருடம் தண்ணீர் வருமா, திருச்சுழிப் பக்கம் எந்தக் கண்மாய் நிரம்பியது, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது, நூல் விலை ஏறினால் அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்குக் கூலி ஏறுமா? வானம் பார்த்த பூமியில் இவைதான் தலைப்புச் செய்திகள். பெரிய நாளிதழ்களில் இவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. இவற்றை விசாரித்து எழுதும் வேலையை ஊர் அளவிலான இணையச் செய்தித் தளம் செய்ய முடியும்.

தளம் தொடங்கச் செலவு அதிகமில்லை. ஒரு நல்ல செல்போன், இணைய முகவரி, சர்வர் வாடகை போதும். வெயிலில் வண்டி ஓட்டிப் போய் விசாரித்து எழுதும் நிருபரின் மாதச் சம்பளம்தான் உண்மையான செலவு.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பலரும் முதலில் நம்புவது கூகுள் விளம்பரத்தை. வாசகர் பக்கத்தைத் திறந்ததும் அதிலுள்ள விளம்பர இடம் தானாக ஏலத்துக்குப் போகிறது. ஒரு நொடிக்குள் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் திரையில் வந்துவிடும். இதை நடத்தும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018இல்தான் தமிழுக்கு வந்தது. சேர்ந்த தொகை 100 டாலரைத் தொட்டால்தான் கைக்கு வரும். வருமானம் பார்வை எண்ணிக்கையை ஒட்டியது. அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள் தொகையோ 2011 கணக்கெடுப்பில் 87,000 சொச்சம். இவ்வளவு சிறிய வட்டத்தில் பார்வை எண்ணிக்கையை மட்டும் நம்பினால், தளம் கண்மாயை விட்டுவிட்டு சினிமா வதந்திக்குப் போய்விடும். எந்தச் செய்தி எழுதப்படும் என்பதைப் பணம் வரும் வழியே தீர்மானிக்கிறது.

மாற்று வழிகளுக்கு முன்னோடிகள் உண்டு. 1994இல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய 'மயிலாப்பூர் டைம்ஸ்' ஓர் இலவச வார இதழ். அக்கம்பக்கத்துக் கடைகளின் விளம்பரம்தான் அதற்குப் பலம். நம் கரிசல் மண்ணுக்கு நெருக்கமான உதாரணம் 'கபர் லஹரியா'. உத்தரப் பிரதேசத்தில், வறட்சிக்குப் பெயர்போன புந்தேல்கண்டின் சித்ரகூட்டில், 2002இல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய பத்திரிகை அது. நிருபர்களில் பலர் தலித் பெண்கள். கைப்பம்பு, சாலை, சுரங்க முறைகேடு என்று எழுதியவர்கள், பிறகு செல்போன் காணொளிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

சந்தாவைப் பாருங்கள். ஆயிரம் பேர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 50,000 ரூபாய். சிறிய ஊரில் இரண்டு இளம் நிருபர்களை வைத்து ஓட்டலாம். ஒரே ஒப்பந்ததாரரின் பெரிய விளம்பரத்தைவிட இது பாதுகாப்பானது. அவர் போட்ட சாலை பெயர்ந்தாலும் தயங்காமல் எழுதலாம்.

சந்தா கட்டும் வாசகருக்கு விசாரித்து எழுதிய செய்தி தர வேண்டும்; காவல் நிலையக் குறிப்பை அப்படியே ஒட்டுவது செய்தி ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வேலை எதுவரை வந்திருக்கிறது என்று விடாமல் கேட்டு எழுத வேண்டியது உள்ளூர்த் தளம்தான்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு தளம் நேர்மையாக நடந்தால், இந்த மாதமே சந்தா கட்டுங்கள். கடை வைத்திருந்தால் தீபாவளி விளம்பரத்தை அதற்குக் கொடுங்கள்.