மண்ணில் நட்ட மர ஆள்

ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தூண். மூன்று கை, ஒரு கால். தலை கிடையாது. விங் சுன் என்ற சீனச் சண்டைக்கலையைப் பழகுகிறவர்கள் இதை ‘மூக் யன் ஜோங்’ என்பார்கள். மர ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். தென் சீனாவின் ஃபோஷான் நகரத்தில் அந்தக் காலத்து ஆசான்கள் தரையில் குழி தோண்டி இதை நட்டு வைத்திருந்தார்கள். 1949-இல் ஊரை விட்டு ஹாங்காங் வந்த விங் சுன் ஆசான் இப் மானுக்கு அப்படித் தோண்டத் தரை ஏது? மாடி அறையில் தோண்டினால் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் விழும். அதனால் ஐம்பதுகளில் தூணில் மேலும் கீழும் துளையிட்டு, இரண்டு மரப்பலகைகளைக் குறுக்கே செருகி, சுவரோரச் சட்டத்தில் தொங்கவிட்டார்கள். மண்ணில் நட்ட தூண் அடித்தால் அவ்வளவாக அசையாது. தொங்கவிட்டதோ அடி வாங்கிப் பின்வாங்கும், உடனே திரும்பி வந்து நம் கையை நெருக்கும். இடமில்லாமல் செய்த ஏற்பாடு எதிராளி மாதிரியே நடந்துகொள்கிற ஒரு தூணைக் கொடுத்துவிட்டது.

இந்தக் கலையே இடநெருக்கடியில் வளர்ந்த பிள்ளை என்பது என் எண்ணம். பிறப்புக் கதை என்னவோ வேறு மாதிரிதான் சொல்லப்படுகிறது. எரிந்துபோன ஷாவோலின் மடத்திலிருந்து தப்பிய இங் மூய் என்ற பெண் துறவி ஒரு சண்டை முறையை வகுத்து, யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தாராம். கட்டாயக் கல்யாணத்துக்கு நின்ற ரௌடியை அவள் அதை வைத்தே அடித்து விரட்டினாளாம். அழகான கதை, சான்றுதான் இல்லை. மஞ்சு அரசை எதிர்த்த ரகசியச் சங்கங்களும் பிற்கால நாவல்களும் இதே மடத்தை எத்தனையோ தடவை எரித்திருக்கின்றன.

கால் ஊன்ற ஓரளவு மண் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டில்தான். கான்டனிய இசை நாடகக் குழுக்கள் சிவப்புச் சாயம் பூசிய படகுகளில் ஊர் ஊராகப் போய் நடித்த காலம் அது. மேடைச் சண்டைக்காக நடிகர்கள் நிஜச் சண்டையே பழகினார்கள். 1854-இல் லீ வென்மாவோ என்ற நடிகர் கலகத்துக்குத் தலைமை ஏற்க, அரசு ஃபோஷானில் இருந்த நடிகர் சங்க மண்டபத்தை இடித்தது, நாடகத்துக்கும் தடை போட்டது. இந்தப் படகுக்காரர்களிடமிருந்து வித்தை லியுங் ஜான் என்ற மூலிகை வைத்தியருக்கு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. விங் சுன்னில் ‘ஆறரைப் புள்ளிக் கம்பு’ என்று ஒன்று உண்டு. படகு தள்ளும் கழியிலிருந்து வந்ததாம். நம் சிலம்பக் கம்பு நெற்றியோடு நின்றுவிடும். இவர்கள் கம்பு எட்டு ஒன்பது அடி.

நிலையைப் பார்த்தாலே குறுகிய இடத்தின் வாடை அடிக்கும். முழங்கால்களை உள்பக்கம் திருப்பி, ஓர் ஆட்டைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டவர் போல நிற்க வேண்டும். பெரிய வீச்சு இல்லை; உதை இடுப்புக்கு மேலே போவதும் அபூர்வம். மூக்கு, தொண்டை, நெஞ்சுக்குழி வழியாக நடு உடம்பில் ஒரு கோடு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், தன் கோட்டைக் காப்பதும் எதிரியின் கோட்டைப் பிடிப்பதும்தான் முழுச் சண்டையும். முழங்கை உள்ளேயே இருக்க, முஷ்டி செங்குத்தாக நேரே போகும். சுற்றி வருகிற குத்தைவிட நேர்க்குத்துக்குத் தூரம் குறைவு. பலம் குறைந்தவர் முந்திக்கொள்ள அது போதும். தடுத்துவிட்டு அடிப்பது என்ற பேச்சே கிடையாது, தடுக்கிற நேரமே அடிக்கிற நேரம்.

இதற்கான பயிற்சி ‘சி சாவ்’, ஒட்டும் கை. இருவர் முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒருவரின் உள்ளங்கை மேல்பார்த்து நடுவில் நுழையும், மற்றவரின் மணிக்கட்டு அதன் மேல் படுத்திருக்கும். அழுத்தினால் முழங்கை பறவையின் இறக்கை மாதிரி மேலே எழும்பி அழுத்தத்தைப் பக்கவாட்டில் வழித்துவிடும். வருகிற கையை ஏந்திக்கொள், போகிற கையைப் பின்தொடர், தொடர்பு அறுந்த கணமே நேரே உள்ளே போ. கண் பார்த்து மூளை யோசிப்பதற்குள் தோல் பதில் சொல்லியாக வேண்டும்.

ஃபோஷானில் இது சிலருக்கு மட்டும் கிடைத்த சொத்து. லியுங் ஜானிடம் கற்ற சான் வா சுன் நாணயம் மாற்றித் தருபவர். அவரிடம் கடைசி மாணவனாகச் சேர்ந்த சிறுவன்தான் வசதியான வீட்டுப் பிள்ளை இப் மான். ஹாங்காங்கில் கையில் காசில்லாத அந்த மனிதர் 1950-இல் உணவக ஊழியர் சங்கத்தில் வகுப்பு தொடங்கினார். ஐந்து பூதம், எட்டுக் குறி என்ற பழைய மொழியை ஓரங்கட்டி, கோணம், விசை என்று விளக்கினாராம். அவருடைய மகன் இப் சுன் சொல்வது இது. மாணவர்கள் மொட்டை மாடிகளில் வேறு பள்ளிக்காரர்களோடு கையுறை இல்லாமல் மோதிப் பார்த்தார்கள். அதில் பேர் வாங்கியவர் வோங் சுன் லியுங். அவரிடமும் பழகிய புரூஸ் லீ 1959-இல் அமெரிக்கா போனார். மற்றது உலகத்துக்கே தெரிந்த கதை.

இன்று? 2008-இல் டோனி யென் நடித்த ‘இப் மான்’ வந்த பிறகு பெயர் தெரியாத ஊரில்லை. ‘பியு ஜி’ என்ற மூன்றாம் பாடம் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒரு வழக்கு இருந்தது. இப்போது கைபேசியில் தட்டினால் வரிசையாக வந்து நிற்கிறது. மர ஆள் பெட்டியில் கட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது, ஸ்பிரிங் வைத்த தாங்கியோடு. கூண்டுச் சண்டையில் இது செல்லுமா என்று கேட்டால், கையுறை போட்டால் தோல் உணராது என்கிறார்கள். பாதி நியாயம்தான். மாடியில் மோதியவர்கள் சாக்குச் சொல்லவில்லை. தோற்றுத் திரும்பி, எங்கே பிசகியது என்று பழகினார்கள். இன்றைய பல கூடங்களில் எதிரே நிற்பவரும் இசைந்து கொடுக்கிற சி சாவ்தான் நடக்கிறது, ரொம்ப மரியாதையாக.

1972 டிசம்பரில் இப் மான் புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சற்று முன்பு, மெலிந்த உடம்போடு அவர் பாடங்களைச் செய்துகாட்டுவதை ஒரு சிறு படச்சுருளில் பிடித்தார்கள். பியு ஜி அதில் இல்லை. மர ஆளின் கைகள் துளைக்குள் கொஞ்சம் தளர்வாகத்தான் செருகியிருக்கும். அடி சரியாக விழுந்தால் ‘டக்’கென்று ஒரு சுத்தமான சத்தம் வரும். பழகியவர்கள் காதால்தான் பிழை பிடிப்பார்கள். அந்தச் சுருளில் கிழவர் தூணைச் சுற்றி நகர்கிறார், கைகள் விழுகின்றன, தூண் லேசாக ஆடுகிறது. ஆனால் அது ஒலி இல்லாத படம்.