முன்பு அறுவை செய்த சிறுநீரகத்தில் துளைவழிக் கல்நீக்கம்

துளைவழிக் கல்நீக்கம் (பிசிஎன்எல்) என்பது முதுகுப்புறத் தோலில் சிறு துளையிட்டு, அதன் வழியாகச் சிறுநீரகத்துக்குள் நோக்குக் கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்து எடுக்கும் முறை. 2 சென்டிமீட்டரைவிடப் பெரிய கற்களுக்கும், மான்கொம்பு போலக் கிளைத்த கற்களுக்கும் இதுவே இன்று முதல் தேர்வு. முன்பு விலாவைக் கிழித்துக் கல் எடுத்துக்கொண்டவருக்கு அதே சிறுநீரகத்தில் மீண்டும் கல் வந்தால் இதைச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் பழைய தழும்பு மருத்துவரின் வேலையைச் சற்றுக் கடினமாக்குகிறது.

இம்முறையில் கல் எடுத்ததை 1976இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோகான்சன் ஆகியோர் முதலில் வெளியிட்டனர். அது பரவும் வரை பெரிய கல்லுக்குத் திறந்த அறுவைதான் வழி. முதியவர்கள் சிலரது விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும் தழும்பு அக்காலத்தின் மிச்சம். கல் எடுத்ததோடு தொல்லை தீர்வதில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் கல் வருகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையோரத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். அருகிலுள்ள திருத்தணி, கோடையில் தமிழகத்தின் மிக வெப்பமான இடங்களுள் ஒன்று. வியர்வை பெருகி, குடிக்கும் நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து உப்புகள் படிகமாகும். தறியை விட்டு எழ மனமின்றித் தாகத்தை அடக்குவது கல்லுக்கு வழிவிடும் பழக்கம்.

திறந்த அறுவைக்குப் பின் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பும் திசுவும் இறுகி வடுவாகின்றன. ஊசி அதில் வளைந்து திசை மாறக்கூடும். துளையை அகலப்படுத்தும் பலூன் முழுதும் விரியாமல் போகலாம். அப்போது ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் உலோக விரிப்பான்கள் கைகொடுக்கும். கல் தங்கும் கிண்ணத்தின் கழுத்து குறுகியிருந்தால் நோக்குக் கருவி உள்ளே திரும்பாது. இன்னொரு துளை தேவைப்படலாம். பெருங்குடல் இடம் பெயர்ந்து சிறுநீரகத்தின் பின்னால் வந்திருந்தால் ஊசி குடலைக் குத்தும் ஆபத்தும் உண்டு. ஆகவே இவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் சி.டி. ஸ்கேன் மிக முக்கியம். கல்லை மட்டுமன்றி, குடல் எங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டும்.

வடுவால் ஒரு நன்மையும் உண்டு. ஒட்டிப்போன சிறுநீரகம் ஊசி படும்போது விலகி ஓடாது. அறுவை நேரம் கூடலாம் என்றாலும், அனுபவமுள்ள கைகளில் கல் நீங்கும் அளவும் சிக்கல்களும் முதன்முறை செய்துகொள்வோருக்கு நெருக்கமாகவே உள்ளன என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. "ஒருமுறை கிழித்த இடத்தில் மறுபடி கை வைக்கக்கூடாது" என்று அஞ்சிக் கல்லை வளரவிடுவதே பெரிய கேடு. அடைப்பும் கிருமித்தொற்றும் சேர்ந்து சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும்.

வழக்கமான துளை 8 முதல் 10 மில்லிமீட்டர். சிறுதுளை முறையில் அது 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் நடியாத் நகரிலுள்ள முல்ஜிபாய் படேல் சிறுநீரக மருத்துவமனையின் மகேஷ் தேசாய் குழுவினர் 2011இல் வெளியிட்ட நுண்துளை முறையில் துளை 2 மில்லிமீட்டரையும் எட்டாது. அது சிறு கற்களுக்கே பொருந்தும். சிறுநீர்ப் பாதை வழியே வளையும் நோக்குக் கருவியைச் செலுத்தி லேசரால் கல்லைப் பொடிக்கும் முறையும் உண்டு. இதில் வடு குறுக்கே வருவதில்லை. ஆனால் கல் பெரிதாயிருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம்.

பொதட்டூர்பேட்டைக்காரர் உயர்சிகிச்சைக்குத் திருப்பதிக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். பழைய அறுவை ஓர் ஊரிலும் புதிய கல்லுக்கான சிகிச்சை வேறோர் ஊரிலும் அமைந்தால் பழைய குறிப்புகள் தாமாக வந்து சேரா. எந்தப் பக்கம், எந்த ஆண்டு, என்ன செய்யப்பட்டது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். பழுப்பேறிய டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் இங்கே மதிப்புண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் அதையும் மறைக்கக்கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. சிறுநீரில் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்த பிறகே துளையிடுவார்கள்.

முதுகில் வடிகுழாய் வைக்கப்பட்டால் சில நாள்களில் எடுத்துவிடுவார்கள். முதலில் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவது இயல்பு. வீடு திரும்பிய பின் குளிர் காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் கட்டியாகப் போனாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.